முப்பது விநாடி

எட்மன்டன். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
இரவெல்லாம் கம்பத்து மின்செருகியில்
தொப்புள்கொடியோடு கிடந்தது என் பள்ளிப் பேருந்து.
வயரை உருவிச் சுற்றி வைக்கிறேன்.
இரவில் செருகி வைக்காத வண்டி
காலையில் எவ்வளவு கெஞ்சினாலும்
இருமும், கிளம்பாது.

இதை ஒரு பிரசங்கமாக்கலாம்தான்.
வெள்ளிக்கிழமைக் கூடுகையில்
இன்பராஜ் அண்ணன் ஆக்கிவிடுவார்.
நான் டிரைவர். எனக்கு டயர் பார்க்கணும்.

அண்ணன் ஜெபிக்கத் தொடங்கினால்
அடுக்களையில் இடியாப்பம் ஆறிவிடும்.
சிருஷ்டிப்பில் ஏறி, இஸ்ரவேல் வழியாக,
ஒட்டாவா மந்திரிகளைத் தொட்டுக்கொண்டு
மோகனா அக்காவின் மூட்டுவலியில் வந்து இறங்குவார்.
கேலி இல்லை. எனக்குப் பிடிக்கும்.
அந்தச் சொற்களில் நானும் மிதந்திருக்கிறேன்,
தம்பி ரூபனுக்காக
ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்த
அந்த லெந்து நாட்கள் வரைக்கும்.
ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி
நாகர்கோவிலிலிருந்து போன் வந்தது.

அதன்பிறகு என் முறை வந்தால்
"ஆண்டவரே" என்பேன்.
அடுத்த சொல் வராது.
பக்கத்து நாற்காலி "ஸ்தோத்திரம்" என்று
என்னைக் காப்பாற்றும்.

ஆகவே இந்த வண்டிதான், ஐயா.
கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னீர்.
சாத்தியாயிற்று.
லிவரை இழுத்தால்
பெருமூச்சு விட்டு மூடுகிற கதவு இது.
கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்ட பிறகு
யாராவது தூங்கிக் கிடக்கிறார்களா என்று
பின்கோடிவரை நடந்து போய்
அங்கே ஒரு பொத்தானை அமுக்க வேண்டும்.
அமுக்காவிட்டால் வண்டி அலறும்.
சட்டம் அது.
நான் கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன், அவ்வளவுதான்,
ஒவ்வொரு சீட்டின் முதுகையும் தொட்டுக்கொண்டு.

மூன்றில் ஓவன். யாரையாவது கடிக்கிறவன்.
ஏழில் ஹர்லீன். விழுந்த பல்லைப்
பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினவள்.
ஒன்பதில் அந்த இரட்டையர்.
எவன் எவன் என்று எனக்கு இன்னும் தெரியாது.
உமக்குத் தெரியும்.
பதினொன்றில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
இதற்கு உரிய கை
இப்போது எந்தக் குளிரில் இருக்கிறதோ.
வேறு வார்த்தை இல்லை என்னிடம்.
பெயர். தொடுதல். அடுத்த சீட்.
ரூபன் விஷயம் நமக்குள் தீரவில்லை.
அதையும் சுமந்துகொண்டுதான் நடக்கிறேன்.

பதினாலு காலி.
மேட்டியோ. ஜன்னலில் மூச்சுவிட்டு மீன் வரைகிறவன்.
பதினெட்டு நாளாய் வரவில்லை.
ஏனென்று கேட்க டிரைவருக்கு அனுமதி இல்லை.
அங்கே நிற்கத் தேவையில்லை என்றாள் அலுவலகத்து டோனா.
தேவையில்லைதான்.

சிவப்பு விளக்குகள் சிமிட்ட,
பின்னால் நாலு கார்கள் முணுமுணுக்க,
கதவைத் திறக்கிறேன்.
குளிர்தான் ஏறுகிறது.
முப்பது எண்ணுகிறேன்.
அந்த வீட்டு மாடியில் ஒரு விளக்கு.
காய்ச்சலா, ஆஸ்பத்திரியா,
வேறு ஊருக்குப் பெட்டி கட்டுகிறார்களா.

இன்னதென்று தெரியாததற்கு எப்படி ஜெபிக்கிறது
என்று இன்பராஜ் அண்ணனையே கேட்டேன்.
முதல்முறையாக அவருக்குச் சொல் வரவில்லை.
இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.
பிறகு,
"வான்கூவர்ல எனக்கொரு மகன் இருக்கான்.
ஆறு வருஷமாப் பேச்சு இல்ல" என்றார்.
அன்றைக்கு அவர் ஜெபித்தது ஒரே வரி.
அதை நான் எழுத மாட்டேன்.

இன்று காலை
ஹர்லீன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
"யாருமே இல்லையே மிஸ், ஏன் திறந்தீங்க?"
இருபத்தாறு, என்றேன். இருபத்தேழு.
அவளும் சேர்ந்துகொண்டாள்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.
லிவரில் கை வைத்தேன்.

முப்பத்தொன்று, என்றாள் அவள்.